ஒப்படைப்பு எனும் அமானிதம்

கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகள் பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திற்காகக் கட்டுரை எழுதி ஆசிரியரிடம் தருகின்றனர். அதற்கு 'ஒப்படைப்பு' என்று பெயர். நம் வீடுகளில் 'அசைன்மென்ட்' என்றால்தான் விளங்கும். ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதமாகும். பெற்றவர் அதை உரியவரிடம் திருப்பிச் சேர்க்கக் கடமைப்பட்டவர். ஆனால் மாணவர் ஒப்படைத்த கட்டுரை பெரும்பாலும் திரும்புவதில்லை. அகமதிப்பீட்டுப் பட்டியலில் ஓர் எண்ணாகப் பதிந்து, அலமாரியில் கட்டுக் கட்டாக உறங்கிவிடுகிறது.

திறனாய்வு என்றால் அச்சேறிய நூலை ஆய்வதே வழக்கம். இம்முறை அச்சேறாத ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் முதலாண்டு மாணவி. தம் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். பெயர் வேண்டா. அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன்.

'எங்கள் மலை' என்பது தலைப்பு. முதல் வடிவத்தில் இயற்கை அன்னை வந்தாள். வல்வில் ஓரி வந்தான். காரவள்ளியிலிருந்து ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. ஆகாய கங்கை அருவியும் அறப்பளீசுவரர் கோயிலும் வந்தன. பிழை ஒன்றுமில்லை. ஆயினும் மலையை ஒரு நாளும் மிதியாத ஒருவர் நாமக்கல் பேருந்து நிலையத்தில் அமர்ந்தே இதனை எழுதிவிட முடியும். கைப்பேசியைத் தட்டினால் அதுவே எழுதியும் தந்துவிடும்.

நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் மூன்று நம் முதலாண்டுக் கட்டுரைகளில் நிலையாகக் குடியிருக்கின்றன. பொருளின்றிச் சொல்லை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் பாய்வது மற்றொன்று விரித்தல். எடுப்பாகத் தொடங்கி வரவர நலிந்து முடிவது சென்றுதேய்ந்து இறுதல். இம்மூன்றும் இக்கட்டுரையில் இருந்தன. பவணந்தியார் இவற்றை நூலுக்குரிய குற்றங்களாக வகுத்தார். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இவை குற்றங்கள் அல்ல, கற்கும் வழியில் வரும் படிகள் என்பது என் துணிபு.

பிறர் சொல்லைச் சுமப்பதும் ஒரு படியே. மதரஸாவில் இன்ஷா பயின்ற காலத்தில் அல்ஹரீரியின் மகாமாத்தில் பல பகுதிகளை மனனம் செய்தோம். அந்த மயக்கத்தில், பணம் கேட்டுத் தகப்பனார்க்கு எழுதுவதாக ஓர் அரபுக் கடிதத்தை எதுகை நடையில் நான் எழுதிக் கொடுத்தேன். உஸ்தாது அவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு, "எவ்வளவு அனுப்பச் சொல்கிறாய்? தொகையைக் காணோமே!" என்றார்கள். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், கவிதை கற்பவர் சிறந்த பாக்களை மிகுதியாக மனனம் செய்யவேண்டும் என்கிறார். பிறகு அவற்றை மறந்துவிட வேண்டும் என்ற கருத்தையும் எடுத்துரைக்கிறார். சொற்கள் நீங்கிய பின் நெசவுத் தறிபோல் அமைப்பு மட்டும் நெஞ்சில் நிற்குமாம். நம் கல்லூரிகளில் மனனம் நடக்கிறது. மறப்பதற்கு இடம் தரப்படுவதில்லை. ஒரு முறை எழுதியதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். அம்மாணவியின் நான்காம் பத்தியில், அருவிக்கும் கோயிலுக்கும் நடுவே, ஒரு வரி கிடந்தது. தம் பாட்டி இளமையில் நாள்தோறும் சாமைச் சோறு தின்றவர். இப்போது வீட்டில் ரேஷன் அரிசிதான் என்பது செய்தி. 'சாமைச் சோறு' என்பதை நான் சிவப்பு மையால் அடித்து, 'சிறுதானிய உணவு' என்று மேலே எழுதினேன். அறுபது தாள்களைத் திருத்தும் அவசரத்தில் கை தானாகச் செய்தது என்று சாக்குச் சொல்லலாம். கட்டுரை முழுவதிலும் அவருக்கே சொந்தமான ஒரு சொல் அதுதான், அதைத்தான் அழித்தேன்.

இது என் ஒருவனின் நோய் அன்று. அமெரிக்காவில் நான்ஸி சாமர்ஸ் என்ற அம்மையார் 1982-இல் ஆசிரியர்களின் திருத்தக் குறிப்புகளை ஆராய்ந்து, அவை பெரும்பாலும் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் முத்திரைகளாகவே இருக்கின்றன என்று எழுதினார். பின்னர் அவரே ஹார்வர்டில் 1997-இல் சேர்ந்த மாணவருள் நானூற்றுக்கு மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முதலாண்டைப் பற்றி லாரா சால்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. தாம் புதியவர் என்பதை ஒப்புக்கொண்டு எழுதுவோர் வளர்கின்றனர். மதிப்பெண்ணுக்கு அப்பால் இவ்வெழுத்தால் கொடுக்கவும் கொள்ளவும் ஏதோ உண்டு என்று உணர்வோர் வளர்கின்றனர். ஹார்வர்டின் வசதி நமக்கில்லை என்பர் சிலர். மெய்தான். ஆனால் தாளைத் திருப்பித் தருவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

அடுத்த வாரம் அந்தத் தாளை மாணவியிடம் திருப்பிக் கொடுத்தேன். என் திருத்தத்தை நானே அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரு வினா மட்டும் எழுதினேன்: சாமை ஏன் போயிற்று?

இரண்டாம் வடிவம் வந்தது. ஓரி வரவில்லை. மேட்டுக் காட்டில் மரவள்ளி வந்த கதை இருந்தது. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்குவதால் அது கைக்குக் காசு தருகிறது. சாமை வயிற்றுக்குத்தான் ஆகும். இவ்வளவும் செய்தித்தாளிலும் கிடைக்கும். அதோடு, பழைய உணவு போயிற்றே என்ற வழக்கமான புலம்பலும் இருந்தது. "பாட்டியைக் கேட்டீர்களா?" என்றேன். கேட்கவில்லை என்றார்.

மூன்றாம் வடிவந்தான் நான் பாராட்டுவது. விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பாட்டியைக் கேட்டிருக்கிறார். பாட்டிக்கு வருத்தம் இல்லையாம், நிம்மதியாம்! சாமையின் உமி எளிதில் போகாது. உரலில் இட்டுக் குத்தவேண்டும், புடைக்கவேண்டும், மறுபடியும் குத்தவேண்டும். அது முழுவதும் பெண்களின் தலையில் விழுந்த வேலை. மரவள்ளி வந்த ஆண்டில் பாட்டியின் உள்ளங்கை ஆறியது. பின்னாளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் மலையில் சிறுதானியம் குத்தும் இயந்திரங்கள் வந்ததையும், இன்று நகரத்தார் சாமையைத் தேடி வாங்குவதையும் எழுதிவிட்டு, 'இயந்திரம் முன்னமே வந்திருந்தால் சாமை போயிருக்குமா?' என்று கேட்கிறார். அவ்வினாவை நான் கற்பிக்கவில்லை. எந்த வழிகாட்டி நூலிலும் அது இல்லை.

நடையில் குறை உண்டு. சில வாக்கியங்கள் எழுவாயைத் தொலைத்துவிட்டு அலைகின்றன. சந்திப் பிழைகள் முதல் வடிவத்தில் இருந்ததைக் காட்டிலும் மிகுதி. சொந்தமாகச் சிந்திக்கத் தொடங்கும்போது இலக்கணம் சிறிது தடுமாறும். இதைக் கண்டு அஞ்சி மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர், பிள்ளையை மறுபடியும் இயற்கை அன்னையின் மடிக்கே அனுப்பிவைக்கிறார். பெற்றோரும் இதைக் கருதவேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் பெண்மக்கள் பலர், வீட்டில் பேசும் தமிழ் கட்டுரைக்கு ஆகாது என்றெண்ணி வாய் பொத்தி எழுதுகின்றனர். மகளின் கட்டுரையை வாங்கி ஒரு முறை படித்துப் பாருங்கள். அதில் உங்கள் வீட்டுச் சொல் ஒன்றேனும் இருக்கிறதா?

அம்மாணவியின் கட்டுரை கடைசிப் பத்தியில் இன்னும் தேய்ந்தே முடிகிறது. 'ஆகவே நாம் அனைவரும்' என்று தொடங்கிச் சிறுதானியத்தின் சிறப்பைப் போற்றுகிறது. பாட்டியின் உள்ளங்கை அங்கே மறந்துபோயிற்று. ஓரத்தில் அதைக் குறித்தேன். வேறு விதமாக எழுதிப் பார்ப்பதாகச் சொல்லித் தாளை வாங்கிச் சென்றிருக்கிறார்.