குயில் குன்றிலிருந்து கம்பம் வரை

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அது பிள்ளைக்கு இடும் பெயரல்ல. எடின்பரோவுக்குத் தெற்கே எஸ்க் ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஊரின் பெயர். பழைய கெல்டிக் மொழியில் 'குயில் குன்று' என்று அதற்குப் பொருள் காண்கிறார்கள் பெயராய்வாளர்கள். 13ஆம் நூற்றாண்டில் அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். 1654இல் அந்த நிலம் கிளார்க் குடும்பத்துக்குப் போயிற்று. பெயரோ ஊரைவிட்டுக் கிளம்பி உலகம் சுற்றியது.

பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை ஊர், தொழில், முன்னோர் பெயர், பட்டப்பெயர் என நான்காகப் பிரிப்பது வழக்கம். நம் மலையோரத்திலேயே இவற்றில் மூன்றுக்குச் சான்று உண்டு. மலை அரையப் பழங்குடியினரிடையே ஊழியம் செய்த ஹென்றி பேக்கரின் பெயர் ரொட்டி சுடும் தொழிலிலிருந்து வந்தது. ஏந்தயாற்றில் ரப்பர் தோட்டம் போட்ட ஜே.ஜே. மர்ஃபியின் பெயரில் அயர்லாந்து மூதாதை ஒருவர் இருக்கிறார். 1783இல் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்த கர்னல் ஃபுல்லார்ட்டன், பென்னிகுயிக்கைப் போலவே ஊர்ப்பெயர்க்காரர். பறவை பிடிப்போர் ஊர் என்பது அப்பெயரின் பொருள். இவர்களையெல்லாம் 'இங்கிலீஷ்காரர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பெயர்களோ ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் தனித்தனியே காட்டிக்கொடுக்கின்றன.

ஊரைப் பெயரில் சுமப்பது நமக்கும் பழக்கம்தான். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷனின் 'டி' பாலக்காட்டுத் திருநெல்லாயைக் குறிக்கும். ஆனால் நம்மிடம் ஊரும் தகப்பன் பெயரும் முன்னெழுத்தாகச் சுருங்கி நிற்கும். தலைமுறைக்குத் தலைமுறை மாறவும் செய்யும். அவர்களுடைய குடும்பப் பெயர் மாறாமல் வழிவழியாக வரும்.

இந்த இரண்டு வழக்கங்களும் முல்லைப் பெரியாற்றில் சந்திக்கின்றன. 1841இல் புனேயில் பிறந்த ஜான் பென்னிகுயிக், அங்கே அணை கட்டிய பொறியாளர். 1886இல் அதற்காகத் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 1895இல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியே வைகைக்குத் திரும்பியது. அந்தத் தண்ணீரில் நெல் விளைந்த வீடுகள் 'ஜான்' என்ற பெயரை எடுக்கவில்லை, குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டன. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அதே பெயர்தான். 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் எழுந்தது. இப்படிப் பெயர் பெற்ற பிள்ளை நாளை தகப்பனானால், அவன் மகனுக்கு முன்னெழுத்து 'பெ.' ஆகும். ஸ்காட்லாந்தின் ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகி, இட்ட பெயராகி, தமிழ் முன்னெழுத்தாகவும் ஆகிவிடும்.

ஊர்ப்பெயர்களுக்கு ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' நம்மிடம் இருக்கிறது. ஆட்பெயர்களுக்கும் அப்படியொரு முயற்சி வேண்டும். தேனி, இடுக்கி, பாலக்காடு பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் தேயிலைத் தோட்டங்களின் பேரேடுகளையும் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு, தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறத்துப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும். பழைய ஏடுகள் செல்லரிக்கும் முன் தொடங்க வேண்டும்.