வாயிற்படியில் இழந்த நம்பிக்கை

கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மனைவி மூன்று நாள் கரையிலே காத்திருக்கிறாள். நான்காம் நாள் குடிசைக்கு வந்து, மாடத்திலிருந்த அந்தோனியார் சுரூபத்தை எடுத்துத் தரையில் ஓங்கி அடிக்கிறாள். கதை முடிகிறது. முற்போக்குச் சிறுகதை என்னும் பெயரில் நம்மிடையே மீண்டும் மீண்டும் எழுதப்படும் கதைகளுள் இஃது ஒரு வகை. சில கதைகளிலே கடலுக்குப் பதில் வறட்சி வரும். அந்தோனியாருக்குப் பதில் மாரியம்மன் வருவாள். மனிதன் மதநம்பிக்கையை ஏன் இழக்கிறான் என்னும் வினாவுக்கு இக்கதைகள் தரும் விடை ஒன்றே: துன்பம் வந்தது, தெய்வம் காக்கவில்லை, ஆகவே நம்பிக்கை போயிற்று. எழுதுவோரின் நல்ல நோக்கத்தில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அவ்விடை வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா எனக் கேட்பது விமர்சனத்தின் கடமையாகும்.

இத்தகைய கதைக்குக் களமாகத்தக்க கரையொன்றை எடுத்துக்கொள்வோம். புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக வடக்கே செல்லும் பழைய மன்னார்ப் பாதை, எலுவன்குளத்தில் கலா ஓயாவை அடைகிறது. ஆற்றின் இக்கரையில் ஊர்; அக்கரையில் வில்பத்துக் காடு. மேற்கே ஆறு களப்போடு கலக்குமிடத்தில் கண்டற்காடுகளும் மீனவர் வாடிகளும் உள்ளன. மேலே இராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலம் நீரில் மறைந்துவிடும். வயலுக்கும் உயிருக்கும் காட்டு யானையால் ஆபத்து. தொழிலுக்குக் காற்றாலும் கடலாலும் ஆபத்து. களப்புக்கு அப்பால், கற்பிட்டித் தீபகற்பத்தில், தலவில் அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. அதன் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கர் அல்லாதாரும் கூடத் திரளாகச் செல்கின்றனர்.

இக்கரை மனிதனுக்குத் துன்பம் புதிய செய்தியன்று. அவனுடைய மதம் துன்பத்தை எதிர்பார்த்தே கட்டப்பட்டிருக்கிறது. கடலில் ஒருவன் மாண்டால் அயலார் கூடிச் செபமாலை சொல்கின்றனர், ஒப்பாரி வைக்கின்றனர், முப்பத்தோராம் நாள் பூசைக்கு மீண்டும் கூடுகின்றனர். கடன் கொடுத்த சம்மாட்டி கூட அந்நாளிலே வாசலில் வந்து நிற்க வேண்டியவனாகிறான். பிள்ளைகளுக்கு அடுத்த வேளைச் சோறு அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறது. சுரூபத்தை உடைத்துவிட்டு அந்தப் பெண் யாரிடம் போவாள்? கதாசிரியர் இதனைக் கேட்பதில்லை. அவருக்குக் கதை முடிந்துவிட்டது. அவளுக்கோ அன்றுதான் தொடங்குகிறது.

தொழிற்கருவி மாறினால் நம்பிக்கை தானே உதிர்ந்துவிடும் என்போரும் உளர். இக்கரையில் பாய் போய் வெளியிணைப்பு இயந்திரம் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அந்த இயந்திரப் படகுகளின் நெற்றியிலேயே புனிதர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

பெருந்துன்பங்களின் சான்றும் இதுவே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களைச் சில நாட்களுக்குள், யாழ்ப்பாணத்திலோ சில மணி நேரத்துக்குள், வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, நிலம், தொழில் அனைத்தையும் இழந்தனர். அவர்களுட் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது இதே புத்தளம் மாவட்டத்துக்குத்தான். அகதி வாழ்வு அவர்களைப் பள்ளிவாசலிலிருந்து விலக்கவில்லை. கையில் எஞ்சிய உறவுகளுள் அது முதன்மையானதாயிற்று. 2019 ஜனவரியில் எலுவன்குளத்துக்கு அண்மையிலுள்ள வண்ணாத்திவில்லுவில் பெருந்தொகை வெடிமருந்து கைப்பற்றப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மூன்று தேவாலயங்களிலும் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூசையில் இருந்தவர்களே மாண்டார்கள். அதன்பின் கத்தோலிக்க மக்கள் எழுப்பிய பெருங்கேள்வி கடவுளை நோக்கியதன்று. முன்னெச்சரிக்கை கிடைத்தும் கைகட்டி நின்ற அரசை நோக்கியது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்த காலத்து ஜனாதிபதியாயிருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மக்கள் வினவிய திசை பிழையன்று என்பதற்கு இத்தீர்ப்பு சான்று.

துன்பம் நம்பிக்கையைக் கொல்வதில்லை. பெரும்பாலும் அதனை வளர்க்கவே செய்கிறது. மார்க்ஸ் 1844 இல் எழுதியதில் அபினி உவமையை மட்டும் நம்மவர் மனப்பாடம் செய்துவிட்டனர். ஒடுக்கப்பட்டவனின் ஏக்கத்தையும், துயருக்கு எதிரான அவனது மறுப்பையும் மதத்திலே அவர் கண்டதை மறந்துவிட்டனர். மறந்ததன் விளைவே நாம் மேலே கூறிய கதைகள்.

அவ்வாறாயின் நம்பிக்கை எங்கே உடைகிறது? சில உண்மை வரலாறுகளை நோக்குவோம்.

1904 இல் ஈரோட்டு இளைஞர் இராமசாமி காசிக்குச் சென்றார். அங்கே பசி அவரை வாட்டியது. தமிழ் வணிகர் ஒருவரின் பொருளால் அமைந்த சத்திரத்திலே பார்ப்பனருக்கு மட்டும் சோறு எனக் கூறி அவரை வாயிலில் தடுத்தனர். வெளியே எறிந்த எச்சில் இலையில் அவர் பசியாறினார். பசி மட்டுமே அவரை மாற்றியதெனில், பசித்த கோடிக்கணக்கானோர் என்றோ நாத்திகராயிருத்தல் வேண்டும். பிறர் பொருளைப் பெற்று அறம் என்று பெயரிட்ட இடம் அவரை மனிதனாகக் கணிக்க மறுத்ததே காயமாயிற்று. காசியிலிருந்து திரும்பிய மறுநாளே அவர் பெரியாராகிவிடவில்லை என்பதும் கவனத்திற்குரியது. ஈரோட்டுத் தேவஸ்தானக் குழுவின் தலைமைப் பொறுப்பைக் கூட அவர் பின்னர் வகித்தார். குடி அரசு இதழும் சுயமரியாதை இயக்கமும் தோன்றியது 1925 இல். காயத்துக்கும் கொள்கைக்கும் இடையே இருபத்தோராண்டுகள் சென்றன. ஒருவனது அவமானம் பலரது அவமானத்தோடு சேர்ந்து, கூடி வாழவும் போராடவும் வேறோர் இடம் உண்டாகும்போதுதான் நம்பிக்கை இழப்பு உறுதியடைகிறது.

யாழ்ப்பாணம் இதனைப் பேரளவிலே காட்டியது. கோயில், தேநீர்க் கடை முதலிய பொது இடங்களிற் சாதியின் பெயரால் தடுப்பதை 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்தோடு போராட்டம் வீதிக்கு வந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் அமர்ந்தனர். சி. சுந்தரலிங்கம் வழிமறித்து நின்றார். அவர் சாதாரண மனிதரல்லர். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். கல்வியும் அறிவும் சாதியைத் தாமே கரைத்துவிடும் எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போராட்டத்தில் ஒரு முரண் உண்டு. வாயிலில் அமர்ந்தோருள் பெரும்பாலார் முருகபக்தர்கள். அவர்களுக்குத் துணைநின்ற இயக்கத்தின் முன்னணியில் இருந்தோரோ பொதுவுடைமையர். தாம் ஒருநாளும் கும்பிடப் போகாத கோயிலுக்குள் பிறர் சென்று கும்பிடும் உரிமைக்காக அவர்கள் அடி வாங்கினர். பகுத்தறிவுக்கு இது தகுமா எனக் கேட்டவர்கள் அன்றும் உண்டு. தகும் என்பதே எமது எண்ணம். உள்ளே போக முடியாதவன் விட்டு விலகுவதற்கும் உரிமையற்றவன். துறப்பது என்பது கையில் இருப்பதைத் துறப்பதேயாகும்.

இதனை எழுத்திலே ஆழமாகக் கண்டவர் கே. டானியல். பஞ்சமர் நாவலைக் காட்டிலும், 1986 இல் வெளிவந்த கானல் நமது வினாவுக்கு நெருக்கமானது. சாதிக் கொடுமையிலிருந்து விடுபட வேண்டிக் கிறிஸ்தவத்தைத் தழுவிய மக்களின் கதை அது. நீரெனத் தோன்றியது கானலாயிற்று என்பது தலைப்பிலேயே தெரிகிறது. மதம் மாறியவனோடு சாதியும் கூடவே படியேறிற்று. இது கற்பனையின் மிகையன்று. தமிழகத்து வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த தேவாலயம் இரு சாதிப் பிரிவினருக்காக இரு நடைகளாகவே கட்டப்பட்டது. பீடம் ஒன்று, நடுவே சுவர். 1910 இல் அச்சுவரை அகற்றியபோது மேற்சாதியினர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். ஒரே அப்பத்தைப் பகிரும் பந்தியிற் சுவர் எழுப்பியவர்களே அம்மதத்துக்கு எதிரான பெரும் பிரசாரகர்கள். டானியல் தெய்வத்தோடு வாதிடவில்லை. வாக்குறுதியையும் வாயிற்படியையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

சிந்தனையால் நம்பிக்கை நீங்குவதில்லையா என வாசகர் கேட்கக்கூடும். நீங்குவதுண்டு, பகத்சிங் அதற்குச் சிறந்த சான்று. 1930 ஒக்டோபரில் லாகூர்ச் சிறையிலே, தூக்குத் தண்டனை காத்திருக்க, 23 வயதில் அவர் தாம் நாத்திகரானமைக்குக் காரணம் எழுதினார். அகந்தையே காரணம் எனப் பக்தரான சக கைதி ஒருவர் கூறியதற்கு மறுமொழி அது. மாணவப் பருவத்தில் மணிக்கணக்காகக் காயத்திரி செபித்த அவர், புரட்சி இயக்கத்திற் பொறுப்பேற்ற பின்னரே கற்கத் தொடங்கி, 1926 இறுதியில் தெளிவடைந்தார். இயக்கம் முதலில் வந்தது. நூல்கள் அதன் தேவைக்கு வந்தன. ஜீவா அக்கட்டுரையைத் தமிழாக்கி அதற்காகச் சிறை சென்றதும் இயக்கத்தின் வரலாறேயன்றித் தனிமனிதத் தர்க்கத்தின் வரலாறன்று. இதற்கு மாறாக, இலங்கையின் ஆபிரகாம் கோவூர் 1963 இல், அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் எனச் சவால் விட்டார். 1978 இல் அவர் மறையும் வரை ஒருவரும் வெல்லவில்லை. சாமியார்கள் குறைந்தார்களா? ஒருவரது பொய் வெளிப்பட்டதும் மக்கள் அடுத்தவரிடம் சென்றனர். கோவூரின் பணி மதிப்புக்குரியது. ஆயினும் ஏமாற்றை விலக்கிக் காட்டுவது வேறு, ஏமாறத் தேவைப்படாத வாழ்வை அமைப்பது வேறு.

புதுமைப்பித்தனின் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் 1943 இல் வெளிவந்தது. அதிலே கடவுளை யாரும் மறுப்பதில்லை. சென்னைத் தெருவிலே அவர் காப்பி குடிக்கிறார். பத்திரிகைக்கு ஆயுள் சந்தா செலுத்துகிறார். கூத்தாடிப் பிழைக்க முயன்று தோற்கிறார். மனிதரோடு மனிதராய் வாழ இயலாமற் போய்விடுகிறார். நகர வாழ்க்கையில் நம்பிக்கை ஓசையின்றித் தேய்வதை இதனினும் நுட்பமாகச் சொன்ன கதை தமிழில் அரிது. சுரூபம் எதுவும் உடைபடவில்லை. கடவுளுக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவே.

இவ்வளவும் கூறிய நாம் நம்மையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நேர்மையாகும். நம்பிக்கை இழப்பது பக்தர் மட்டுமல்லர். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் முழங்கிய கொல்வின் ஆர். டி சில்வாவே, 1972 இல் அமைச்சராக ஓர் அரசியலமைப்பை வகுத்தளித்தார். அது சிங்களத்தை அரச மொழியாக நிலைநாட்டிப் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. இடதுசாரி அணியை நம்பிய தமிழ் ஆசிரியர், மாணவர், தொழிலாளர் பலர் அதன் பின் விலகினர். அவர்கள் மார்க்ஸைப் படித்துத் தவறு கண்டு விலகவில்லை. காசிச் சத்திரத்தில் நடந்ததே இங்கும் நடந்தது: சமத்துவம் என்று பெயரெழுதிய வாயிலில் அவர்கள் தடுக்கப்பட்டனர். அவர்களைப் பிற்போக்காளர் என வைது பயனில்லை. பாதிரியாரும் குருக்களும் விலகிப் போனவரைப் பற்றி அவ்வாறுதான் கூறுகின்றனர்.

ஆகவே கரையோரக் கதை எழுதும் நண்பர்களுக்கு எமது வேண்டுகோள் இது. புயலை விட்டுவிடுங்கள், புயலுக்கு மறுநாளை எழுதுங்கள். நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது? திருவிழாவில் கூடு சுமக்கும் உரிமை யாருக்கு, யாருக்கில்லை? விதவையின் கடனை எழுதி வைத்தவன் ஞாயிறு பூசையில் எந்த வரிசையில் முழந்தாளிடுகிறான்? அவள் அதனைப் பார்த்தபடி எத்தனை ஞாயிறுகள் இருந்தாள்? பின்னர் ஒரு ஞாயிறு அவள் போகாதபோது, அவளோடு கூட இருக்க ஒரு மீனவர் சங்கமோ, மாதர் குழுவோ அவ்வூரில் இருந்ததா? இல்லையெனில் அவள் மீண்டும் கோயிலுக்கே போயிருப்பாள்; அதனையும் அப்படியே எழுதுங்கள். அவள் திரும்பிப் போனது அவளது அறியாமையன்று. அவளுக்கு வேறொரு வாயில் திறந்து வைக்காதது நமது குறை.