சாக்கடையை மட்டும் சபிக்கலாமா?

நம் ஊர்ச் சுவர்களிலும் மாணவர்களின் கட்டுரை நோட்டுகளிலும் ஒரு வாசகம் நிலையாகக் குடியிருக்கிறது: “சாக்கடை நீர் தேங்கினால் கொசு பெருகும், மலேரியா பரவும்.” இதன் முதற்பாதி சரி. இரண்டாம் பாதியைச் சற்று உரசிப் பார்ப்போமா?

கொசுக்கள் அனைத்தும் ஒன்றல்ல. சாக்கடையில் கொழிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது அது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், தொட்டி, சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் நிற்கும் நீரை நாடும். மலேரியாவைப் பரப்புவதோ அனாபிலிஸ். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டது இதன் வயிற்றில்தான். இந்தியாவில் ஏறத்தாழ 60 வகை அனாபிலிஸ்கள் உண்டு. அவற்றுள் நோய் பரப்புவதில் முதன்மையானவை ஆறு மட்டுமே.

இந்த ஆறில் மூன்றின் விருப்பங்களை மனத்தில் கொண்டு, தென்காசி, குற்றாலம் பக்கம் ஒரு நடை சென்று வாருங்கள். மலையடிவாரத்தில் மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளின் புல்லடர்ந்த ஓரம் ஃபுளுவியாட்டிலிஸ் விரும்பும் இடம். வாய்க்கால், நாற்று நட்ட புதுவயல், செங்கல்லுக்கு மண் எடுத்த குழி, சீசன் முடிந்தபின் ஆற்று மணலில் எஞ்சும் குட்டை ஆகியவை கியூலிசிஃபேசிஸுக்கு ஏற்றவை. கிணறும், மூடியில்லாத மாடித் தொட்டியும் ஸ்டீபன்சிக்கு உகந்தவை. இங்கெல்லாம் மலேரியா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இவற்றுள் எதுவும் சாக்கடை இல்லை என்பதையே சொல்கிறேன்.

இதை அலட்சியம் செய்தால் என்ன நேரும்? இலங்கையைப் பாருங்கள். 1934-இல் அங்கே பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் கியூலிசிஃபேசிஸ் பெருகியது. 1934-35 கொள்ளைநோயில் மாண்டவர்கள் சுமார் 80,000 பேர். அந்தக் கொசுவை வளர்த்தது சாக்கடையன்று; வெயில்பட்ட நல்ல நீர். அதே இலங்கை, நோயாளிகளைத் தேடிக் கண்டு சிகிச்சை அளித்தும், கொசுவின் இருப்பிடம் அறிந்து ஒழித்தும், 2016-இல் மலேரியா அற்ற நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

பிழையான வாசகம் பிழையான வைத்தியத்துக்கு வழிகாட்டும். சாக்கடைக்கு மருந்து தெளித்த திருப்தியில் மாடித் தொட்டியை மறந்துவிடுவோம். “எல்லா நீரிலும் கம்பூசியா மீனை விடுங்கள்” என்பதும் இத்தகைய அவசரமே. அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீனைக் காட்டோடையில் விட்டால், நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் அது தின்னும். தொட்டிக்கு மூடி, குழிக்கு மண், வயலுக்கு நீரை இடையிடையே வடிப்பது என்று இடத்துக்கு இடம் வைத்தியம் மாறவேண்டும்.

இனம் காண நுண்ணோக்கி தேவையில்லை. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீரை மொண்டு பாருங்கள். புழு தலைகீழாகத் தொங்கினால் அது கியூலெக்ஸாகவோ ஏடிஸாகவோ இருக்கலாம். நீர்ப்பரப்போடு படிந்து கிடையாகக் கிடந்தால் அனாபிலிஸ்.

சாக்கடையை மூடவேண்டாம் என்பதல்ல என் வாதம், அதுவும் தேவைதான். ஆனால் மலேரியாவைப் பற்றி எழுதும்போது, “நல்ல நீரும் தேங்கினால் கவனியுங்கள்” என்று சுவரில் ஒரு வரி சேர்ப்போம்.