கணுக்கால் பிடிக்கு என்ன விலை?

ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோடு ஆரம்பித்துவிடுகிறேன். 2022-ல் புரோ கபடி ஏலத்துக்கு முந்தின வாரம், ஒரு டி.வி. ஸ்டுடியோவில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எந்த வீரர் எத்தனை லட்சத்துக்குப் போவார் என்று ஆரூடம் சொன்ன நாலு பேரில் நானும் ஒருத்தன். நான் படித்தது பி.காம். கபடி கடைசியாக ஆடியது ஒன்பதாம் வகுப்பில், அதுவும் முட்டி பெயர்ந்ததோடு சரி. ஆனால், கையில் நம்பர் அச்சடித்த தாள் கொடுத்திருந்தார்கள். நம்பரைப் பார்த்தால் பேசாமல் இருக்க முடியாது எனக்கு.

பவன் ஷெராவத் சாதனை விலைக்குப் போவார் என்றேன். போனார். 2 கோடியே 26 லட்சம், வாங்கியது நம் தமிழ் தலைவாஸ். அன்று ராத்திரி நான் ஜோசியக்காரனாகவே நடந்தேன். அக்டோபரில் சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. அந்த சீசனே அவருக்கு அவ்வளவுதான். ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்கலாம் என்று விதித்திருந்த தொகை 4 கோடியே 40 லட்சம். அதில் பாதிக்கு மேல் முதல் நாளே மைதானத்துக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அதுவரை அரையிறுதியையே பார்க்காத தலைவாஸ், அந்த வருஷம் அரையிறுதிக்குப் போனது. பாடிப் பாடி பாயின்ட் எடுத்துத் தந்தவர் நரேந்தர் என்கிற புதுப்பையன். முதல் சீசன். 243 ரெய்டு பாயின்ட். ஸ்டுடியோவில் நாங்கள் நாலு பேரும் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அந்தப் பெயரை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை.

யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். ஒரு மளிகைக்கடைக் கணக்கில் தப்பு இருந்தால்கூட ஆடிட்டர் சிவப்புப் பேனாவால் சுழிப்பார். ஆரூடக்காரர்களுக்கு ஆடிட்டர் கிடையாது. அடுத்த வருஷம் அதே கோட்டு, அதே நாற்காலி. (என்னை மறுபடி கூப்பிடவில்லை. அதற்குக் காரணம் வேறு.)

இதெல்லாம் இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம், சித்தேரி.

தர்மபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து மலையேறிப் போக வேண்டிய ஊர். கிழக்குத் தொடர்ச்சி மலை. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி. இந்தப் பக்கத்தில் பத்திரிகைகளுக்குப் பழக்கமான பெயர் அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்திதான். 1992-ல் அங்கே நடந்ததை இப்படி ஒரு வரியில் தாண்டிப் போவதே கூச்சமாக இருக்கிறது. ஆனால், நான் போனது வேறு வேலையாக. அரூரில் பாங்க்கில் இருக்கும் நண்பன், "மலையைப் பார்த்துட்டு வரலாம் வாடா" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

சாயங்காலம். ஒரு மேட்டில் பசங்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். கோடு சுண்ணாம்பில் இல்லை, குச்சியால் கிழித்தது. டீ குடிக்க நின்றவர்கள் ஒரு மணி நேரம் நின்றோம். காரணம், இடது ஓரத்தில் நின்ற ஒரு பையன். பதினாலு வயசு இருக்கும், ஒல்லி. பாடி வருகிறவன் முகத்தை இவன் பார்க்கவே இல்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா பாய்ந்து பாய்ந்து விழவில்லை. அந்தப் பெரிய பையன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினான் பாருங்கள், உடம்பின் பாரமெல்லாம் பின்னங்காலில் இருக்கும் அந்த அரை விநாடி... கணுக்காலைக் கவ்விவிட்டான். சங்கிலியாக மற்ற ரெண்டு பேர் வந்து விழ, பாட்டு நின்றது. ஒரு மணி நேரத்தில் இப்படி நாலு தடவை.

அவர்களை ஆட வைத்துக்கொண்டிருந்தவர் கோச் என்று சொல்லிக்கொள்வதில்லை. பசங்களுக்கு 'அண்ணா', அவ்வளவுதான். திருப்பூரில் ரெண்டு வருஷம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். "நல்லா புடிக்கிறானே" என்றேன்.

"இங்க புடிப்பான் சார். செலக்சனுக்குக் கூட்டினு போனா ஒண்ணும் ஆவாது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில், ஸ்டுடியோவில் நாங்கள் பேசிய ஒன்றரை மணி நேரத்தைவிட ஒசத்தி. முதல் காரணம், தரை. இங்கே வெறுங்கால், மண். கால் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்கும், அதற்கேற்ற மாதிரி இடுப்பைத் திருப்பப் பழகியிருப்பான். செயற்கை விரிப்பில் ஷூ போட்டு ஏற்றினால் கால் அப்படியே ஒட்டிக்கொள்கிறது, முட்டி திரும்பிவிடுமோ என்று பயம். ரெண்டாவது காரணம்தான் முக்கியம். "அங்க ஊர் ஊருக்கு ஒருத்தனா கலந்து விடுவாங்க சார். இவன் காலைப் புடிச்சா பக்கத்துல நிக்கிறவன் உடனே வந்து விழணும். அவன் யாருனே இவனுக்குத் தெரியாது. இவன் புடிப்பான், அவன் பாத்துனு நிப்பான்."

கபடியில் பிடி என்பது தனி ஆள் சமாசாரம் இல்லை. ஓரத்தில் நிற்பவன் தொடங்குவான், உள்ளே நிற்பவன் முடிப்பான். ரெண்டு பேரும் ஒரு வருஷமாவது சேர்ந்து ஆடியிருந்தால்தான் அது அமையும். அஞ்சு நிமிஷத் தேர்வில் அதை எப்படி அளப்பது? அளக்க முடிகிற உயரம், எடை, நூறு மீட்டர் ஓட்டம் இதையெல்லாம் அளந்து எழுதிக்கொள்கிறோம்.

இங்கே என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. ரெய்டர்களுக்கு டி.வி.யில் போடுகிற மதிப்பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் ஒரு ஆட்டத்தில் பதினைந்து தடவை பாடப் போகிறார். ஆறு பாயின்ட் எடுக்கிறார், நாலு தடவை பிடிபடுகிறார். திரையில் '6' என்று மட்டும் பெரிதாக மின்னும். பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் எதிரணிக்கு ஒரு பாயின்ட். அவர்கள் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்துவிட்டால் ரெண்டு. போதாததற்கு நம் ஆள் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அணிக்கு ஆகிற நஷ்டம் தனி. அந்த ஆறிலும் எதிராளியைத் தொட்டு எடுத்தது எத்தனை, போனஸ் எத்தனை? தொட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வருவார். போனஸுக்கு யாரும் வரமாட்டார்.

விற்றுமுதல் வேறு, லாபம் வேறு என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் எங்களுக்கு. கடையில் தினமும் லட்ச ரூபாய்க்கு வியாபாரம் நடக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் "கையில எவ்வளவு நிக்குது?" என்று கேட்டால் முகம் மாறும் பாருங்கள், அந்த மாதிரி. 2023 ஏலத்தில் அதே பவன் 2 கோடியே 60 லட்சத்தையும் தாண்டி தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். அந்த சீசனில் 200-க்கு மேல் ரெய்டு பாயின்ட் எடுத்தார். அணி 22 ஆட்டங்களில் ஜெயித்தது ரெண்டு. கடைசி இடம். பவனைக் குறை சொல்லவில்லை. பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர், 2023 ஆசியப் போட்டியில் தங்கம் ஜெயித்த அணிக்குக் கேப்டன், அசல் சூரர். ஒரே ஆளுக்குப் பாதிப் பணத்தைக் கொட்டிவிட்டு, பிடிக்க ஆள் இல்லாமல் நின்றார்கள். விலை போட்டவர்கள் பார்த்தது விற்றுமுதலை.

சித்தேரிப் பையன் மாதிரி ஓரத்தில் நிற்பவனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. நல்ல இடது ஓரக்காரன் நின்றால் பாட வருகிறவன் அந்தப் பக்கமே போகமாட்டான். போகாததால் பிடி விழாது. பிடி விழாததால் பாயின்ட் ஏறாது. பயப்படுத்தியதற்கு எந்தப் பட்டியலில் காலம் ஒதுக்கியிருக்கிறார்கள்? எங்கள் பாடப் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றியாக வேண்டும். கபடிக்காரர்கள் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

தேய்மானப் பாடத்தையும்தான். தர்மராஜ் சேரலாதன், நம்ம ஊர்க்காரர், 1975-ல் பிறந்தவர். சாதாரணக் கணக்கில் முழுக்கத் தேய்ந்து, பழைய இரும்புக்குப் போட வேண்டிய வயசு. 2016-ல், 41 வயதில், பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையைத் தூக்கினார். 2019-லும் ஆடிக்கொண்டிருந்தார்.

சரி, பணக்காரர்கள் மட்டும் இதை ஒழுங்காகச் செய்கிறார்களா? அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அங்கே ஏலம் கிடையாது. கல்லூரியில் ஆடிய பையன்களை தொழில்முறை அணிகள் வரிசையாக நின்று பொறுக்கிக்கொள்ளும். போன வருஷம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. (நல்ல ஏற்பாடு. நம் கல்யாணப் பந்தியில்கூட இந்த நியாயம் இல்லை.) அதற்கு முன்னால் இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு வரவழைத்து 40 கஜம் ஓடவிடுவார்கள், குதிக்கவிடுவார்கள், 225 பவுண்டு பாரத்தைத் தூக்கவிடுவார்கள். நிபுணர்கள் மாதக்கணக்கில் பட்டியல் போடுவார்கள். 2000-ம் வருஷம் டாம் பிரேடி என்ற பையன் அந்த ஓட்டத்தில் தடுமாறினான். 198 பேரை எடுத்த பிறகு அவனை எடுத்தார்கள். அவன் அப்புறம் ஜெயித்த சூப்பர் பௌல் ஏழு. 2007-ல் எல்லோருக்கும் முதலாளாகத் தேர்வான ஜமார்கஸ் ரசல் மூன்று சீசனோடு காணாமல் போனார். 2022-ல் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி, 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஆடினார்.

அவர்களும் தப்பு செய்கிறார்கள்தான். ஆனால், தப்பை ஒளித்துவைப்பதில்லை. அஞ்சு வருஷம் கழித்துப் பழைய பட்டியலைத் தோண்டி எடுத்து, யார் உளறினார்கள் என்று மறுமதிப்பெண் போடுவதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, அந்தக் கல்லூரிப் பையன் ஆடிய ஆட்டமெல்லாம் படமாக இருக்கிறது. ஓட்டத்தில் தோற்றவன் ஆட்டத்தில் என்ன செய்தான் என்று போட்டுப் பார்க்கலாம். நம் பல்கலைக்கழகக் கபடி ஆட்டம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். யாரோ செல்போனில் எடுத்தது கிடைக்கும். முக்கியமான பிடியின்போது எடுத்தவரின் நண்பர் குறுக்கே நடந்து போவார்.

அப்படியானால் நம் ஊரில் ஆள் எப்படிக் கிடைக்கிறது? பக்கத்து மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், பஞ்சாப் வாங்கியது 3 கோடிக்கு. அந்த சீசனில் ரெண்டே விக்கெட். ஆரூடக்காரர்கள் சிரித்தார்கள். 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, ரெண்டு வருஷம் ஆட விடவில்லை. 2020-ல் ஆட விட்டார்கள், யார்க்கராகப் போட்டுக் கொன்றார். அந்த டிசம்பரிலிருந்து ஜனவரிக்குள் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். 3 கோடி, 40 லட்சம் ரெண்டுமே ஒரே ஆளின் விலைதான். எது சரியான மதிப்பீடு என்று கேட்டால் ரெண்டும் இல்லை என்பேன். சரியாக மதிப்பிட்டவர் ஒருவர் உண்டு. ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடிய காலத்திலேயே பையனைக் கவனித்து, சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போன ஜெயப்பிரகாஷ். நடராஜன் சட்டை முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டது அவருக்காக.

ஏலத்துக்கு முந்தைய மதிப்பீடு என்று நாம் பேசுவதெல்லாம் மிகவும் பிந்தைய மதிப்பீடு. அசல் தேர்வு அதற்கு ஏழெட்டு வருஷம் முன்னாலேயே, ஏதோ ஒரு மேட்டில் முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு பி.டி. மாஸ்டரோ, ஓர் அண்ணனோ பார்த்து, பஸ் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் பெயர் பட்டியலில் ஏறும். அதற்கப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி, ரயில்வே அல்லது போலீஸ் அணி, ஏலம், எங்கள் கோட்டு. அந்த முதல் படிக்கு ஒரு ரூபாயாவது பட்ஜெட் போட்ட தொழில்முறை அணிகள் எத்தனை? ஒரே ஆளுக்கு ரெண்டு கோடி கொடுக்கிறவர்கள், அதில் நூறில் ஒரு பங்கில் இந்த மாதிரி நாலு மலைக்கு ஒருத்தரை அனுப்பி ஒரு மாசம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம். இது தர்மம் இல்லை, சார். கொள்முதல். மலிவு விலையில் நல்ல சரக்கு வாங்குகிற வியாபார புத்தி.

அந்த அண்ணனிடம் பஸ் பற்றிக் கேட்டேன். தர்மபுரியில் காலையில் தேர்வு என்றால் முதல் நாளே இறங்கிவிட வேண்டுமாம். திரும்பும்போது கடைசி பஸ்ஸை விட்டால் அரூரில் தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணை. ஆறு பேரைக் கூட்டிப் போனால் அவர் சொந்தக் காசு போய்விடும். அதனால் ரெண்டு பேரைத்தான் கூட்டிப் போகிறார். யார் அந்த ரெண்டு பேர் என்று அவர்தான் முடிவு பண்ண வேண்டும். பண்ணுகிறார். எந்த டி.வி.யிலும் இதற்கு நேரலை கிடையாது.

இருட்டிவிட்டது. கிளம்பினோம். அந்த ஒல்லிப் பையன் பைக் வரைக்கும் வந்தான். நண்பன் என்னை "பேப்பர்ல எழுதறவர்" என்று அறிமுகம் செய்து வைத்திருந்தான்.

"சார், டி.வி.ல ஆடறதுக்கு எத்தினி கிலோ இருக்கணும்?"

பெரியவர்களுக்கு 85 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றேன். அதைக் கேட்டு முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"நான் முப்பத்தெட்டு சார். ரேஷன் கடைத் தராசுல நின்னு பாத்தேன்."