மா. கிருஷ்ணன் காட்டும் மனநிறைவு

நிலத்தை ஐந்திணையாக வகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய மரத்தையும் பறவையையும் விலங்கையும் கருப்பொருளாகக் குறித்து வைத்த மரபு நம்முடையது. ஆயினும் உரைநடை வளர்ந்த காலத்தே அக்கூரிய நோக்கு மங்கிற்று. 'ஏதோ ஒரு பறவை கூவிற்று' என்று எழுதி அமையும் வழக்கம் நம் கதைகளில் வேரூன்றியது. இக்குறையைத் தீர்க்கவல்ல எழுத்தாளர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவரே மா. கிருஷ்ணன்.

'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மைந்தரான இவர், 1912இல் திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வளர்ந்தார். சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், மாதச் சம்பளத்தை நாடாது, எழுத்தையும் புகைப்படக் கலையையுமே நம்பி வாழ்ந்தார். 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்னும் பகுதியை எழுதி வந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தளித்துள்ளார்.

கிருஷ்ணனின் எழுத்தில் நாம் முதலில் காண்பது துல்லியம். உயிரினத்தின் பெயர், நிறம், குரல், நடை ஆகியவற்றைத் தாம் கண்டவாறே கூறுவார். மனிதப் பண்புகளை அதன்மேல் ஏற்றிக் கதை புனைய மாட்டார். காட்டு யானையைக் காண எத்துணை ஆர்வம் கொண்டாரோ, அத்துணை ஆர்வத்தோடு வீட்டைச் சுற்றித் திரியும் காகத்தையும் அணிலையும் நோக்கினார். அவர் காட்டும் மனநிறைவின் அடிப்படை இதுவே எனலாம். நகரைத் துறந்து ஊருக்கு ஓடினால்தான் நிறைவு கிட்டும் என்பதன்று அவர் நெறி. நின்ற இடத்தில் நின்று, இருப்பதை நன்றாகப் பார்ப்பவனுக்கே அது வாய்க்கும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. அவர் தீட்டும் நாட்டுப்புறத்தில் உயிரினங்கள் நிறைந்திருக்கும் அளவுக்கு உழைக்கும் மனிதரின் துயரம் இடம்பெறவில்லை. அவர் பிறந்த அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு நம்மவர் பலர் வந்து சேர்ந்தனர். வானம் பொய்த்ததும், கடன் நெருக்கியதும், சாதி ஒதுக்கியதும் அவர்களை ஊரைவிட்டுப் பெயர்த்தன. அவர்களிடம் சென்று 'கிராமத்தில் நிறைவு உண்டு' என்று உரைப்பது பொருந்துமா? பொருந்தாது. ஊரை நினைந்து ஏங்கும் நம் விழாமேடைப் பேச்சுகளும் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

எனினும், கிருஷ்ணனின் நோக்கு ஊரை மட்டும் சார்ந்ததன்று என்பதால், நமக்கு அது இங்கும் பயன்படும். தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்ட நிலத்தில் மரங்கள் வளர்க்கப்பெற்று, 1994இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. செம்பூருக்கு அண்மையிலுள்ள மாகுல் சேற்று நிலத்திற்குப் பூநாரைகள் வருகின்றன. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களில் முதிர்ந்த மரங்கள் நிழல் விரிக்கின்றன. இவற்றை நாள்தோறும் கடந்து செல்லும் நம்முள், அம்மரங்களின் தமிழ்ப் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தோர் எத்தனை பேர்?

ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் மறவாமல் மக்களுக்குக் கற்பிக்கிறோம். பூநாரை, செண்பகம், கொண்டைக்குருவி என்னும் பெயர்களும் நம் தாய்மொழிச் செல்வமே. அவை அகராதியில் மட்டும் எஞ்சினால் மொழியின் ஒரு பகுதி பார்வையிழக்கும். கிருஷ்ணனின் தமிழ் நூலை இல்லந்தோறும் வைத்துப் படிப்பதோடு, பிள்ளைகளைச் சாளரத்தருகே நிறுத்திப் பெயர் சொல்லிக் காட்டுவதும் நம் கடன். வந்த மண்ணையும் நம் மண்ணாகக் கொள்ள அதனினும் நல்ல வழி வேறில்லை என்பது நம் துணிபு.