வில்லடியில் எழும் அச்சம்

புளியறையைத் தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்கே இறங்கினால் மலையாள நாடு. சுடலைமாடன் கதையில் மந்திரவாதிகளின் நாடும் அதுவே. தென்காசி, நெல்லை, குமரிச் சீமைகளின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக ஒலிக்கும் இக்கதையை அச்சக் கலையின் உச்சங்களில் ஒன்றென்பேன். மாடன் விளக்குச் சுடரில் பிறந்து, உருவற்ற பிண்டமாகக் கிடந்து உயிர் பெற்றவன். நள்ளிரவில் சுடுகாட்டுப் பிணம் தின்றதால் கயிலையில் இருக்க இடமின்றிப் பூமிக்கு அனுப்பப்பட்டவன். மனித நியாயத்துக்குள் அடங்காத இந்தப் பசியைப் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்களும் ஒவ்வொரு கொடையிலும் நடுங்குகிறார்களே, எப்படி?

அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ‘தி விஸ்பரர் இன் டார்க்னெஸ்’ 1931இல் வெளிவந்தது. வெர்மான்ட் மலைவாசிகள் சொல்லும் விசித்திர உயிர்களைப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் வெறும் நாட்டார் கதையென்று ஒதுக்குகிறார். கடைசியில் மலைவாசிகளின் சொல்லே மெய்யாகிறது. படித்தவர் தாமதமாக அறிந்துகொள்வதுதான் அங்கே அச்சம். அறிந்ததும் கதை முடிகிறது. வில்லுப்பாட்டிலோ முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். மந்திரம் கற்ற மலையாளத்தான் மாடனை அடக்க முயன்று அழிவான் என்றும் தெரியும். ஆனாலும் புலவரின் வீசுகோல் வேகமெடுத்து, உடுக்கையும் குடமும் நெருக்க, கதை சாவை எட்டும்போது சாமியாடியின் உடல் ஆடத் தொடங்குகிறது. கொடையின் உச்சம் சாவைப் பாடும் கதைகளோடு இணைந்திருப்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் காட்டினார். கதைக்குள் இருந்தவன் களத்துக்கே வந்துவிடுகிறான். தெரிந்த கதை அச்சுறுத்துவது அதனால்தான்.

காவல் தெய்வத்தின் வரலாற்றை அச்சக் கதை என்பது தகுமா என்று கேட்கலாம். ஊர் எல்லையில் அவனை நிறுத்தியதே அவன் அஞ்சத்தக்கவன் என்பதால்தான். அந்த அச்சத்தோடு வாழக் கற்ற ஊர் அவனுக்குப் படைப்பு போடுகிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: அறிஞர்கள் பதிப்பிக்காவிட்டால் இக்கதைகள் அழிந்திராவா? உண்மை. பாபநாச மலையடிவாரத்து முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை 1971இல் பதிப்பித்தது பெருங்கொடை. வில்லுப் புலவர்களும் ஏட்டை ஒதுக்கியவர்கள் அல்லர். ஏட்டைப் பார்த்துப் பாடியவர்கள் அவர்களில் உண்டு. எனவே எழுத்தும் வாய்மொழியும் இங்கே பகையில்லை. எட்ட நின்று அறிவதற்கும் கிட்ட நின்று அறிவதற்கும் உள்ள தூரம்தான் வேறுபாடு. சாவைச் சொல்லுமுன் புலவர் அடக்கும் மூச்சு அச்சுப் பிரதியில் ஏறாது. ஆகவே பதிப்பை வாசித்தவர் ஒருமுறையேனும் கொடைப் பந்தலில் உட்கார வேண்டும். நள்ளிரவு கடந்து, சாமியாடி எழும் வரை.