பைத்தும் கல்லும்

உருவத்தை வடிப்பதில் இஸ்லாமிய உலகம் காட்டிய தயக்கத்தைக் கலையின் வறுமை என்றே சிலர் எழுதி வந்திருக்கின்றனர். மனித உடலைக் கல்லில் செதுக்காத சமுதாயத்துக்குச் சிற்பம் ஏது என்பது அவர்தம் வினா. அவ்வினாவுக்குத் தம் படைப்புகளாலேயே விடை பகர்ந்தவர், லெபனான் நாட்டுக் கலைஞர் சலூவா ரவ்தா ஷுக்கைர் அம்மையார்.

1916ஆம் ஆண்டு பெய்ரூத்தில் ஒரு துரூஸ் குடும்பத்தில் பிறந்த அவர், முஸ்தபா ஃபர்ரூக், உமர் உன்ஸி என்னும் இரு ஓவியர்களிடம் பயின்றார். 1943இல் கெய்ரோ சென்றபோது, அங்குள்ள பள்ளிவாசல்களும் பழைய கட்டடங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1947இல் பெய்ரூத்தில் தம் வடிவியல் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அரபுலகின் முதல் அரூப ஓவியக் கண்காட்சி அதுவே என்பர். அதற்கு அடுத்த ஆண்டுதான் அவர் பாரிஸ் சென்றார். ஃபெர்னான் லெஜேயின் கலைக்கூடத்திலும் சில காலம் பயின்றார். இந்தக் கால வரிசை கருதத்தக்கது. அரூபம் என்பது ஐரோப்பாவிடம் அவர் பெற்ற கடன் என்று சொல்வோர், கெய்ரோ பாரிஸுக்கு முந்தியது என்பதை மறந்துவிடுகின்றனர்.

1951இல் தாயகம் திரும்பிய அம்மையார், பின்னர்ச் சிற்பத்தில் முனைந்தார். 1960களில் அவர் படைத்த 'கவிதைகள்' என்னும் வரிசையே அவருடைய தலையாய சாதனை எனத் துணிந்து கூறலாம். மரத்திலும் கல்லிலும் உலோகத்திலும் அமைந்த துண்டுகள் அவை. ஒன்றன்மேல் ஒன்றாகவோ ஒன்றையடுத்து ஒன்றாகவோ பொருந்தி ஒரு சிற்பமாக நிற்கும். பிரித்தெடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தும் நிறைவுடன் நிற்கும். அரபுக் கவிதையின் அமைப்பும் இத்தகையதே. அங்கே ஒவ்வோர் அடியும் தன்னளவில் பொருள் முற்றியது. எனினும் முழுப்பாட்டின் உறுப்பு. நமக்குப் பழக்கமான 'பைத்து' என்னும் சொல்லுக்கு அரபியில் வீடு என்றும் பொருள் உண்டு. வீடும் அடியும் ஒரே சொல்லாய் இருக்கும் மொழியில் பிறந்தவருக்கு, கட்டடமும் கவிதையும் ஒரே சிற்பமாய் இணைந்ததில் வியப்பில்லை.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். பெருவெளியில் ஓங்கி நிற்க வேண்டிய வடிவங்கள் பல, மேசையளவிலேயே நின்றுவிட்டன. ஆனால் அந்தக் குறையில் பெரும்பங்கு அவரைச் சார்ந்ததன்று. பொது இடத்தில் சிற்பம் எழுப்ப அமைதியும் ஆதரவும் வேண்டும். அவர் வாழ்ந்த நகரமோ 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போரில் எரிந்தது. 'இரண்டே ஒன்று' என்று பொருள்படும் தலைப்புடைய அவரது ஓவியத்தைக் குண்டுவெடிப்பு துளைத்தது. கண்ணாடிச் சில்லுகள் திரையில் தைத்தன. இருமை ஒருமையில் அடங்கும் என்ற ஓவியத்தின்மேல், பிளவுபட்ட ஒரு நாடு தன் வடுவைப் பதித்துவிட்டது.

2013இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவருக்குப் பெருங்கண்காட்சி நடத்தியபோது அவருக்கு வயது தொண்ணூற்றைக் கடந்திருந்தது. 2017இல், நூறாண்டு கண்டு, பெய்ரூத்தில் மறைந்தார். மேற்குலகம் கைதட்டிய பிறகே நம்மவரை நாம் அறிகின்றோம் என்பது வருந்தத்தக்கது. உருவம் தவிர்த்தமையைக் குற்றமாகக் கருதி நாணுவோரும், அதைக் காட்டிக் கலையையே வெறுப்போரும் நம்மிடையே உள்ளனர். தவிர்த்தலையே ஆக்கமாக மாற்றிய இந்த அம்மையாரின் கற்களை இரு சாராரும் ஒரு முறை கருதிப் பார்ப்பது நன்று.